கத்தி ஒரு திசையில் கீறுகிறது, மறு திசையில் வழுக்குகிறது: இது நீலக்கல்லா?

கேள்வி: காட்மாண்டுவில் நீலக்கல் என்று சொல்லி விற்ற, பட்டை தீட்டிய 5.40 காரட் கல் ஒன்று வாங்கினேன். கூடவே, வெள்ளைப் பாறையில் நீலத் தகடுகள் பதிந்த கச்சாத் துண்டு ஒன்று. கச்சாத் துண்டைப் பேனாக் கத்தியால் கீறினால் நீளவாக்கில் கோடு விழுகிறது, குறுக்கே விழவில்லை. இரண்டும் ஒரே கல்தானா, போலியா? மோதிரத்தில் பதிக்கலாமா?

பதில்: கச்சாத் துண்டில் இருப்பது கயனைட் என்ற வேறொரு கனிமம். நீளவாக்கில் கோடு, குறுக்கே கோடில்லை என்ற இந்த ஒரு சோதனையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் கயனைட்டின் கடினத்தன்மை நீளவாக்கில் சுமார் 4.5, குறுக்கே 6.5 முதல் 7 வரை. கத்தி முனை 5.5 அளவில் நிற்பதால் ஒரு திசையில் வென்று, மறு திசையில் தோற்கிறது. நீலக்கல் என்பது குருந்தம் என்ற கனிமம்; அதன் கடினத்தன்மை 9. எந்தத் திசையிலும் கத்தி அதைத் தொட முடியாது.

பட்டை தீட்டிய கல்லைக் கீறிப் பார்க்க வேண்டாம். எடையை வைத்தே பார்க்கலாம். 0.01 காரட் வரை காட்டும் தராசில் ஒரு சிறு தம்ளர் தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நைலான் நூலில் கல்லைக் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியிலும் சுவரிலும் படாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது கல் விலக்கிய நீரின் எடை. 5.40-ஐ அதால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது அதே கன அளவு நீரைப் போல் கல் எத்தனை மடங்கு கனம் என்ற எண், கிடைத்துவிடும். 1.35 காரட் காட்டினால் ஒப்படர்த்தி 4.0, அது குருந்தம். 1.48 காட்டினால் 3.65, அது கயனைட்டாக இருக்கலாம். தவறு பெரும்பாலும் கல்லின் அடியில் ஒட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழியால் வரும். விலகிய நீர் கூடுதலாகத் தெரிந்து ஒப்படர்த்தி குறைந்துவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டால் குமிழி நிற்காது.

'இருக்கலாம்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நீலக்கல்லுக்குப் பதிலாக வெகுகாலமாக விற்கப்படும் செயற்கை ஸ்பினெல் என்ற கல்லின் ஒப்படர்த்தியும் ஏறக்குறைய 3.64. அதன் ஒளிவிலகல் எண் (கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதன் அளவு) 1.728, அதுவும் கயனைட்டின் எல்லைக்குள்ளேயே வரும். இரண்டையும் பிரிப்பது இரட்டை விலகல்தான், அதாவது உள்ளே நுழையும் ஒளி இரண்டாகப் பிரியும் குணம். ஒளிவிலகல்மானியில் கயனைட் 1.71-க்குச் சற்று மேலே ஒன்றும் 1.73-ஐ ஒட்டி ஒன்றுமாக இரண்டு எண்கள் காட்டும். ஸ்பினெல் ஒன்றே ஒன்றுதான் காட்டும். குருந்தம் 1.76, 1.77. கருவி இல்லாவிட்டால் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். கயனைட்டுக்குள் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று இணையாக நேர்க்கோட்டு வெடிப்புகள் ஓடும், அவற்றைக் குறுக்கே வெட்டும் சில கோடுகளும் தெரியும். நடுவில் அடர் நீலம், ஓரத்தில் வெளிறல் என்று நிறம் திட்டாக இருக்கும். கல்லைத் திருப்பத் திருப்ப நீலம் ஊதா கலந்தும், கிட்டத்தட்ட நிறமற்றும் மாறும்.

இந்தக் குணமெல்லாம் கல் பிறந்த இடத்திலிருந்து வருகிறது. கயனைட், ஆண்டலுசைட், சிலிமனைட் என்ற மூன்று கனிமங்களுக்கும் வேதிச் சேர்மானம் ஒன்றே: இரண்டு அலுமினியம், ஒரு சிலிக்கன், ஐந்து ஆக்சிஜன். அலுமினியம் மிகுந்த களிப்பாறை பூமிக்குள் புதைந்து சூடேறும்போது, வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து மூன்றில் எது உருவாகும் என்று தீர்மானிக்கின்றன. சுமார் 500 டிகிரி செல்சியஸ், 4 கிலோபாருக்குச் (ஒரு கிலோபார் என்பது நாம் உணரும் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு) சற்றுக் குறைவான அழுத்தம் என்ற புள்ளியில் மூன்றும் சமநிலையில் நிற்கும். அழுத்தம் குறைவென்றால் ஆண்டலுசைட், வெப்பம் மிகுந்தால் சிலிமனைட், அழுத்தம் ஓங்கினால் கயனைட். 600 டிகிரியில் கயனைட் நிலைக்க ஏறக்குறைய 6 கிலோபார் வேண்டும். அதாவது 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழம். அந்த நெருக்கத்தில் அணுக்கள் இறுகிப் பொதிகின்றன. கயனைட்டில் எல்லா அலுமினியமும் ஆறு ஆக்சிஜன் சூழ அமர்ந்திருப்பதால்தான், ஒப்படர்த்தியில் ஆண்டலுசைட் 3.15, சிலிமனைட் 3.24 என்று நிற்க, கயனைட் 3.6-ஐத் தாண்டுகிறது. அந்த அலுமினியத் தொகுதிகள் விளிம்போடு விளிம்பு சேர்ந்து தகட்டின் நீளவாக்கில் சங்கிலிகளாக ஓடுகின்றன. சங்கிலிக்குள் பிணைப்பு வலுவானது, சங்கிலிகளுக்கு இடையே நலிவானது. மூங்கில் போல நீளவாக்கில் எளிதில் பிளக்கும்.

நேபாளத்தில் ஜாஜர்கோட் மாவட்டத்தில் மணித்தரக் கயனைட் கிடைக்கிறது. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதி அடியில் அழுந்தியபோது, அங்கிருந்த களிப்பாறைகள் ஆழத்தில் சிஸ்ட், நைஸ் என்ற அடுக்கடுக்கான உருமாற்றப் பாறைகளாக மாறின. பின்பு, ஒரு பாறைத் தொகுதி இன்னொன்றின் மேல் ஏறும் பெரும் பிளவு ஒன்றின் வழியே அவை மேலே தள்ளப்பட்டன. அதனால் இமயமலைச் சரிவில் ஒரு வியப்பு உண்டு: மலை ஏற ஏற முதலில் பயோட்டைட் என்ற கருமைக்கா, பிறகு கார்னெட், கயனைட், அதற்கும் மேலே சிலிமனைட் என்று, ஆழத்தில் இருக்க வேண்டிய உயர்வெப்பப் பாறை மேல்பக்கம் கிடக்கும். உங்கள் துண்டிலுள்ள வெள்ளைப் பாறை குவார்ட்ஸாகவே இருக்க வேண்டும். பாறை வெடிப்பில் சூடான நீர்மம் பாய்ந்து குவார்ட்ஸ் நரம்பாகப் படியும்போது, கயனைட்டுக்கு இடமும் நேரமும் கிடைத்து நீண்ட தகடுகளாக வளர்கிறது. மேலே வந்த பிறகும் அது வேறு கனிமமாக மாறாததற்குக் காரணம், மூன்றுக்கும் ஆற்றல் வேறுபாடு மிகச் சிறிது. ஆறிய, வறண்ட பாறையில் மாற்றம் நின்றே போகிறது.

மோதிரத்துக்கு என் பதில் வேண்டாம் என்பதே. கதவிலோ மேசை விளிம்பிலோ ஒரு இடி பட்டால் பிளவுத்தளத்தில் தகடு பெயரும், மணல் தூசியே மேற்பரப்பைத் தேய்க்கும். பதக்கமாகவோ காதணியாகவோ செய்யலாம். நகம் வைத்துப் பிடிக்காமல் விளிம்பைச் சுற்றி உலோகம் அணைக்கும்படி பதிக்கச் சொல்லுங்கள். தட்டும்போது விசை தகட்டின் நீளவாக்கு ஓரத்தில் விழக்கூடாது என்பதையும் ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள். கல்லை வைத்துக்கொண்டு பற்றவைக்கக் கூடாது. கயனைட் முல்லைட் என்ற வேறு கனிமமாக மாறுவது 1,100 டிகிரிக்கு மேல்தான் (அப்போது கன அளவு கணிசமாகப் பெருகும் என்பதால்தான் உலைச் செங்கல் செய்பவர்கள் முன்கூட்டியே சுட்டெடுக்கிறார்கள்), ஆனால் அதற்கு வெகு முன்பே திடீர்ச் சூட்டில் கல் விரிசல் விட்டுவிடும். மீயொலித் தொட்டி, நீராவிச் சுத்தம் இரண்டும் ஆகாது. வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, குழந்தைகளின் பல்துலக்கி போதும்.

சனிக்கு அணிய வாங்கியிருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: நவரத்தினத்தில் நீலம் என்பது குருந்தம், கயனைட் அந்த வரிசையில் இல்லை. நீலக்கல் விலை கொடுத்திருந்தால், பட்டை தீட்டிய கல்லை மணிக்கல் ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். கயனைட்டின் வெடிப்புகளில் எண்ணெயோ பிசினோ கண்ணாடியோ நிரப்புவதும் உண்டு. நிரப்பியிருக்கிறதா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கண்ணாடி நிரப்பியிருந்தால் எடைச் சோதனையின் எண்ணும் சற்றுத் தப்பாக வரும்.