பட்டறைக் கேள்வி-பதில்: கொதிக்கும் பிளாட்ஹெட், தேயும் கேம், மடங்க மறுக்கும் முழங்கால்

கேள்வி: என்னுடையது 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர். உள்ளே 1951-ம் வருடத்து 8பிஏ மாடல் பிளாட்ஹெட் வி8 (வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கும் பழைய வகை). பழைய ஒற்றைக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இரண்டு ஸ்ட்ரோம்பெர்க் 97 மாட்டினேன். அதிலிருந்து கால் மணி நேரம் ஓட்டினாலே கொதிக்கிறது. புது ரேடியேட்டர் போட்டும் பலனில்லை. அடுத்து எலெக்ட்ரிக் ஃபேன் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: ஃபேன் இருக்கட்டும், முதலில் டைமிங் லைட்டை (ஸ்பார்க் விழும் நேரத்தைக் காட்டும் மின்னும் விளக்கு) எடுங்கள். கார்புரேட்டரை மாற்றியதிலிருந்து என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. 1949 முதல் 1953 வரை வந்த இந்த இன்ஜினின் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் பகுதி) சுழலும் எடைகள் கிடையாது. வேகம் கூடும்போது ஸ்பார்க்கை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை முழுவதையும் வேக்குவமே செய்கிறது. அந்த வேக்குவத்தைத் தருவது, அந்த இன்ஜினுக்கென்றே செய்த கார்புரேட்டரில் இருக்கும் தனித் துளைகள். ஸ்ட்ரோம்பெர்க் 97-ல் அவை இல்லை. சிலர் அந்தக் குழாயை மேனிஃபோல்டில் செருகிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது தலைகீழாக வேலை செய்யும்: ஐடிலில் அட்வான்ஸ் (ஸ்பார்க் முன்கூட்டியே விழும் அளவு) தாராளமாகக் கிடைக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் காணாமல் போகும்.

ஸ்பார்க் தாமதமானால் கலவை முழுக்க எரிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடுகிறது. வேறு இன்ஜினாக இருந்தால் அந்தச் சூடு வெளியே போய்விடும். பிளாட்ஹெட்டில் எக்ஸாஸ்ட் பாதை பிளாக்குக்குள்ளேயே, தண்ணீருக்கு நடுவே வளைந்து போகிறது. பக்கத்துக்கு நான்கு சிலிண்டர் இருந்தும் வாசல் மூன்றுதான், நடு இரண்டு சிலிண்டருக்கும் ஒன்று பொது. ஆகவே தாமதமான ஒவ்வொரு டிகிரியும் நேராகத் தண்ணீரைச் சுடவைக்கிறது. எத்தனை பெரிய ரேடியேட்டர் போட்டாலும் இது தீராது.

சோதிக்கும் விதம்: கிராங்க் புல்லியில் டிடிசி இடத்தை (முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) குறித்துக்கொண்டு, புல்லி சுழலும் திசையில் அதற்கு முன்னால் 20 டிகிரிக்கு இன்னொரு வெள்ளைக் கோடு போடுங்கள். புல்லியின் விட்டம் 150 மி.மீ. என்றால் 20 டிகிரிக்கு விளிம்பில் 26 மி.மீ. வரும். இன்ஜினை 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி லைட்டைக் காட்டுங்கள். மொத்த அட்வான்ஸ் 20 முதல் 24 டிகிரிக்குள் நிற்க வேண்டும். ஐடிலில் நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் நோய் உறுதி. மருந்து, எடையால் இயங்கும் சென்ட்ரிஃபியூகல் அட்வான்ஸ் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர். வெறுமனே பழையதைத் திருப்பி வைத்து ஐடில் டைமிங்கை ஏற்றிவிடுவது அரைகுறை வேலை. ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் மோட்டாரை எதிர்த்து உதைக்கும்.

டைமிங் சரியாக இருந்தும் கொதித்தால் மட்டும் அடுத்த கட்டம். இந்த பிளாக்குகளில் வார்ப்பின்போது உள்ளே தங்கிய மணலும் பிறகு சேர்ந்த துருவும் பின்பக்கச் சிலிண்டர்களின் அடியில் படிந்து கிடக்கும். தண்ணீர் பாய்ச்சினால் போகாது. பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளின் நுனியைப் பிரித்து, டிரில்லில் மாட்டி உள்ளே விட்டுக் குடைய வேண்டும். ஃபேன் இறக்கையில் பாதி ஷ்ரௌடுக்குள் (ஃபேனைச் சுற்றியுள்ள கூடு) இருக்கிறதா என்றும் பாருங்கள். ரேடியேட்டர் தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே விரிசல் என்று சந்தேகப்படலாம். அது இந்த இன்ஜினின் பரம்பரை வியாதி.

அப்படியே ஃபியூவல் பம்ப்பையும் அளந்துவிடுங்கள். ஸ்ட்ரோம்பெர்க் 97-க்கு 2.5 முதல் 3 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் போனால் ஊசி வால்வு மூடாது, பெட்ரோல் வழியும்.

கேள்வி: செவ்ரோலே 350 இன்ஜினில் ஃபிளாட் டேப்பட் கேம் (தட்டை அடி லிஃப்டர்களைத் தள்ளி வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டேன். முதல் ஸ்டார்ட்டிலேயே இரண்டு லோப் (கேமின் மேடு) தேய்ந்துவிட்டது. மாற்றிய கேமும் அதே கதி. சரக்கே மட்டமா?

பதில்: மட்டமான சரக்கும் புழங்குகிறது என்பது உண்மை. ஆனால் இரண்டு கேமும் ஒரே மாதிரி போனால் பழி பெரும்பாலும் முதல் இருபது நிமிடத்தின் மீதுதான்.

இந்த வகை லிஃப்டரின் அடிப்பாகம் கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் மிக லேசான மேடு உண்டு. லோபும் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். இரண்டும் சேர்ந்து லிஃப்டரைத் தன்னைத்தானே சுற்றவைக்கின்றன. சுற்றாத லிஃப்டர் ஒரே இடத்தில் உரசி, சில நிமிடங்களில் லோபை வட்டமாக்கிவிடும். அதனால் மாட்டும்போதே ஒவ்வொரு லிஃப்டரும் அதன் துளையில் விரலால் தள்ளினால் வழுக்கிச் சுற்றுகிறதா என்று பாருங்கள். பழைய லிஃப்டரைப் புதுக் கேமுடன் சேர்க்கவே கூடாது. லோபுக்கும் லிஃப்டர் அடிக்கும் மாலிப்டினம் பேஸ்ட். லிஃப்டரின் பக்கவாட்டுக்கு வெறும் ஆயில். இரட்டை வால்வு ஸ்பிரிங் இருந்தால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவைத்துவிட்டு முதல் ஓட்டத்தை முடியுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தால் விடுபவர்கள்தான் அதிகம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக டிரில்லால் ஆயில் பம்ப்பை வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். பதினாறு ராக்கரிலும் ஆயில் எட்டிப்பார்க்கும்வரை விடக்கூடாது. இடையிடையே கிராங்கைக் கால் சுற்று திருப்புங்கள். ஒரு சூட்சுமம்: இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலே ஆயில் பாதையின் ஒரு சுவர். வெறும் கம்பியை விட்டுச் சுற்றினால் ஆயில் அந்த இடைவெளியில் கசிந்து, ஒரு பக்க லிஃப்டர்களுக்குப் போதாமல் போகும். கழுத்துள்ள பிரைமிங் டூல்தான் வேண்டும்.

பிறகு இன்னொரு தப்பு, ஸ்டார்ட்டரால் கிராங்க் செய்துகொண்டே இருப்பது. பெட்ரோல் வரவில்லை, ஸ்பார்க் தவறு என்று ஐந்து நிமிடம் ஸ்டார்ட்டரை ஓட்டினால் பேஸ்ட் முழுக்க வழிந்துபோயிருக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தை முன்பே நிரப்புங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2, ஒருமுறைக்கு இருமுறை வயரோடு ஒப்பிடுங்கள். பற்றிக்கொண்டதும் ஐடிலில் விடாமல் உடனே 2000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றி, 2000-க்கும் 2500-க்கும் இடையில் ஏற்றி இறக்கி 20 நிமிடம் ஓட்டுங்கள். ஐடிலில் லோபின் மேல் ஆயில் தெறிப்பது போதாது, அதற்காகத்தான். தண்ணீர் கசிந்தால் நிறுத்திச் சரிசெய்துவிட்டு மிச்ச நிமிடத்தைத் தொடரலாம். ஐடிலில் வைத்துக்கொண்டு கசிவைத் தேடக் கூடாது.

ஆயில்: 2004-ல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற ஆயில் தரத்திலிருந்து, கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸ் அளவை 800 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 800 பங்கு) அடக்கிவிட்டார்கள். தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகக் கலவையும் கூடவே குறைந்தது. உங்களுக்கு 1200 பிபிஎம் அல்லது மேல் துத்தநாகம் உள்ள பிரேக்-இன் ஆயில் தேவை. ஓட்டம் முடிந்ததும் ஃபில்டரை அறுத்து, மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறப் பூச்சு சகஜம். மினுமினுக்கும் துகள் இருந்தால் கேம் மறுபடி போகிறது என்று அர்த்தம்.

கேள்வி: வயது 71. இரண்டு முழங்காலும் மடங்க மறுக்கின்றன. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தனியாக இறக்கி ஏற்றலாமா, அல்லது இந்த வேலைக்கு முழுக்குப் போடுவதா?

பதில்: முழுக்கு வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். இரும்பு ஹெட்டோடு ஒரு ஸ்மால் பிளாக் (செவ்ரோலே 350 போன்ற இன்ஜின்) சுமார் 260 கிலோ. அதைத் தூக்குவது மனிதரல்ல, ஹாய்ஸ்ட் (இன்ஜின் தூக்கும் கிரேன்). ஆகவே வயது அங்கே பெரிய தடையில்லை. இளவட்டங்களும் நாமும் இடறுவது 20 முதல் 55 கிலோ வரையுள்ள உருப்படிகளில்: ஹெட், மேனிஃபோல்டு, கியர்பாக்ஸ். கையில் தூக்க முடியும் என்று தோன்றும் எடைதான் இடுப்பை உடைக்கிறது. குனிந்த நிலையில் ஹெட்டைத் தூக்க வேண்டாம். இரண்டு ராக்கர் ஸ்டட்டில் கயிறு கட்டி அதே ஹாய்ஸ்ட்டால் தூக்குங்கள்.

ஹாய்ஸ்ட்டின் கையை நீட்ட நீட்ட அது தாங்கும் எடை குறையும். 2 டன் என்று எழுதியிருப்பது கையை முழுக்க உள்ளிழுத்த நிலைக்கு. முழுக்க நீட்டினால் பலவற்றில் அரை டன்தான். கையிலேயே ஒவ்வொரு துளைக்கும் எண் பொறித்திருக்கும், படித்துவிட்டு மாட்டுங்கள்.

டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சுமார் 55 கிலோ. மல்லாந்து படுத்து நெஞ்சில் தாங்கி ஏற்றும் பழைய வழக்கத்தை இன்றோடு விடுங்கள். டிரான்ஸ்மிஷன் ஜாக்கியில் வாரால் கட்டி ஏற்றுங்கள். இன்னும் நல்லது, இரண்டையும் தரையில் இணைத்து ஒன்றாக இறக்குவது. களைப்பில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு: டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் பகுதி) முழுக்க உள்ளே உட்காராமலே போல்ட்டை முறுக்கி இழுத்துவிடுவது. ஸ்டார்ட் செய்ததும் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் நொறுங்கும். பெல்ஹவுசிங்கை முறுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் (கிராங்கின் பின்முனையில் உள்ள தட்டு) கன்வெர்ட்டருக்கும் இடையே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் முறுக்காதீர்கள், இறக்குங்கள்.

முழங்காலுக்கு: தரையில் செய்யும் வேலையையெல்லாம் மேசைக்கு மாற்றுங்கள். பிரேக், ஸ்டீயரிங் வேலைக்குச் சக்கரம் வைத்த தாழ்ந்த இருக்கை. வண்டி ஸ்டாண்டின் மேல் நிற்க வேண்டும், ஜாக்கியின் மேல் ஒருபோதும் அல்ல. அடியில் நுழையும் முன் வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். தனியாக இருக்கும் நாளில் அடியில் போகும் வேலை வேண்டாம், செல்போன் சட்டைப்பையில் இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: காலையில் பிரேக் பெடல் தரைவரை போகிறது. இரண்டாவது மிதியில் மேலே நின்றுவிடுகிறது. காற்று எடுத்தும் சரியாகவில்லை. மாஸ்டர் சிலிண்டர் தரைப்பலகைக்கு அடியில். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

பதில்: காற்று இருந்தால் பெடல் ரப்பர்போல் நெகிழும். இரண்டாவது மிதியில் கெட்டியாக நிற்பதால் காற்றல்ல. மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரைவிடத் தாழ்ந்திருப்பதால் ஃப்ளூயிட் இரவில் திரும்பி வடிகிறது. டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ, டிரம் லைனில் 10 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு (லைனில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு) போடுங்கள். இடம் மாறினால் டிஸ்க் உரசிக்கொண்டே ஓடிச் சூடாகும். உங்கள் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே டிரம் வால்வு இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். பின் டிரம் ஷூ இடைவெளியையும் நெருக்கிவையுங்கள். இதே அறிகுறியை அதுவும் தரும். காலை அழுத்திப் பிடித்தபடியே பெடல் மெல்ல இறங்கினால் மட்டும் மாஸ்டர் சிலிண்டர் வாஷர் போய்விட்டது என்று கொள்ளலாம். பழைய ஷூவின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஏர் அடிக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கேள்வி: பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். வெல்டிங் செய்யலாமா?

பதில்: உங்கள் இதய மருத்துவரிடம் கருவியின் மாடல் எண்ணைக் காட்டிக் கேட்காமல் தொடாதீர்கள். பொதுவாகச் சொல்லும் எல்லைகள் இவை: கரண்ட் 160 ஆம்பியருக்குள், வெல்டிங் நடக்கும் இடத்துக்கும் நெஞ்சுக்கும் 60 செ.மீ., கேபிளைத் தோளில் போடவே கூடாது, எர்த் கிளாம்ப் வேலைக்கு மிக அருகில். ஓடும் இன்ஜினின் இக்னிஷன் காயிலிலிருந்தும் 30 செ.மீ. தள்ளியே நில்லுங்கள். தலை சுற்றினால் உடனே விலகுங்கள். இன்னொன்று, பேஸ்மேக்கர் இல்லாதவர்களுக்கும்: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும்.

கேள்வி: வண்டிக்கு அடியில் படுத்து மேலே பார்த்தால் எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. கண்ணாடி புதிதுதான்.

பதில்: கண்ணாடியில் பவர் சரியாகத்தான் இருக்கும், இடம்தான் தப்பு. பைஃபோகலில் கிட்டப்பார்வைப் பகுதி கீழே இருக்கிறது. அண்ணாந்து பார்க்கும்போது நீங்கள் தூரப்பார்வைப் பகுதி வழியாகப் பார்க்கிறீர்கள். மேலேயும் கீழேயும் கிட்டப்பார்வைப் பகுதி உள்ள தொழில் கண்ணாடி கண்ணாடிக்கடையில் செய்து தருவார்கள். முகத்துக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்; படிக்கும் தூரமும் இந்தத் தூரமும் ஒன்றல்ல. பக்கவாட்டு மறைப்பும் சேர்த்துக் கேளுங்கள், துரு கண்ணில் விழும்.