குவேக்கர் பள்ளியில் கணக்கு: கேள்வி பதில்

அமெரிக்காவில் 'ஃப்ரெண்ட்ஸ் ஸ்கூல்' என்ற பெயரில் நடக்கும் குவேக்கர் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோரும், அங்கே புதிதாகப் பாடம் நடத்த வந்தவர்களும் கேட்டவை இவை. பதில்கள் தொடக்க வகுப்புகளுக்கானவை.

குவேக்கர் என்பது மதப் பிரிவுதானே? அதற்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய கிறிஸ்தவ இயக்கம் அது. ஃபிலடெல்ஃபியாவின் பென் சார்ட்டர் பள்ளி 1689லேயே வந்துவிட்டது. மௌனமாகக் காத்திருப்பது, ஓட்டெடுக்காமல் முடிவுக்கு வருவது, உள்ளதை உள்ளபடி சொல்வது என்று அவர்களுடைய மூன்று பழக்கங்கள் கணக்கு வகுப்புக்கு நேராகவே உதவும். அந்தக் காலத்துக் குவேக்கர் கடைக்காரர்கள் பேரத்துக்கு இடம் வைக்காமல் எல்லோருக்கும் ஒரே விலை சொன்னவர்கள். நோட்டிலும் அதே நேர்மை வேண்டும். தப்பாகப் போட்ட வரியை ரப்பரால் அழிக்க விடாதீர்கள். மேலே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரியில் திருத்தட்டும். அழித்துவிட்டால் பிள்ளை எந்த இடத்தில் சறுக்கியது என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் சும்மா நிற்கிறார். நேரம் வீணாகாதா?

ஆகாது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் காத்திருந்தது ஏறக்குறைய ஒரே ஒரு விநாடி. அதை மூன்று விநாடிக்கு நீட்டியதும் பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

மனக்கணக்குக்கு அதைவிடவும் கூடுதலாகக் காத்திருங்கள். பலகையில் 18 × 5 என்று எழுதுங்கள். பென்சில்கள் கீழே இருக்கட்டும். விடை கிடைத்தவர் கையைத் தூக்கக் கூடாது. நெஞ்சோடு முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை மட்டும் நிமிர்த்த வேண்டும். தூக்கிய கையைப் பார்த்த மாத்திரத்தில் மெதுவாக யோசிக்கும் பிள்ளை யோசிப்பதையே விட்டுவிடும். இரண்டாவது வழியும் தெரிந்தால் இன்னொரு விரல். அநேகமாக எல்லோருடைய கட்டைவிரலும் நிமிர்ந்த பிறகு விடைகளைக் கேட்டு, முகத்தில் எதையும் காட்டாமல் வந்ததையெல்லாம் எழுதுங்கள். 90 வரும், 98ம் வரும். சரியான விடைக்குத் தலையசைத்தால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

98 எங்கிருந்து வந்தது? 20 × 5 = 100 என்று பிள்ளை சரியாகத்தான் தொடங்கியது. கழிக்க வேண்டியது இரண்டு ஐந்துகள். வெறும் இரண்டைக் கழித்துவிட்டது. கட்டத்தாளில் 20க்கு 5 செவ்வகம் வரைந்து, ஓரத்தில் ஐந்து கட்ட வரிசை இரண்டை வெட்டச் சொல்லுங்கள். கையில் வரும் துண்டில் 10 கட்டங்கள் இருக்கும்.

என் மாணவர்கள் ½ + ⅓ = ⅖ என்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் மாறவில்லை.

சொல்லி மாறாது. மேலே ஒரு எண், கீழே ஒரு எண் என்று பின்னத்தை இரண்டு எண்களாகப் பார்க்கிறார்கள், அதனால்தான் தனித்தனியாகக் கூட்டுகிறார்கள். "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?" என்று முதலில் கேளுங்கள்.

பிறகு குய்சனேர் கோல்களை, அதாவது நீளத்துக்கு ஒரு நிறமாக வரும் கணக்குக் கோல்களை எடுங்கள். வெள்ளை 1 செ.மீ., சிவப்பு 2, இளம்பச்சை 3, ஊதா 4, மஞ்சள் 5, அடர்பச்சை 6 என்று ஆரஞ்சு 10 வரை போகும். "பாதியாகவும் மூன்றாகவும் சரியாகப் பிரியும் கோல் எது?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். சிலர் ஊதாவை எடுப்பார்கள். பாதி கிடைக்கும், மூன்றாகப் பிரியாது. தேட விடுங்கள். பொதுப் பகுதி என்பதே இந்தத் தேடல்தான். அடர்பச்சை கிடைத்ததும் அதன் பாதி இளம்பச்சை, மூன்றில் ஒன்று சிவப்பு. இரண்டையும் நீளவாக்கில் சேர்த்தால் மஞ்சள். ஆறு வெள்ளைக்கு ஐந்து வெள்ளை: ⅚.

ஒரு எச்சரிக்கை. இதோடு நிறுத்தினால் "சிவப்பு என்றாலே மூன்றில் ஒன்று" என்று பதிந்துவிடும். மறுநாளே ஊதாவை முழுதாக வைத்துக் கேளுங்கள், சிவப்பு அரையாகிவிடும். அடுத்து ⅓ + ¼ கொடுங்கள். எந்த ஒற்றைக் கோலும் போதாது. ஆரஞ்சையும் சிவப்பையும் சேர்த்து 12 ஆக்க வேண்டும்.

எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்கிறார்கள். வகுப்பே தப்பாக ஒத்துக்கொண்டால்?

நிச்சயம் நடக்கும். 0.35, 0.4 இரண்டில் பெரியது எது என்று கேட்டால், 35 பெரியது என்பதால் 0.35 பக்கம் கூட்டம் சேரும். குவேக்கர் கூட்டத்தில் தலை எண்ணுவதில்லை. ஒருவர் மறுத்தாலும் நின்று கேட்பார்கள். அந்த ஒருவருக்குப் பலகையைக் கொடுங்கள். நூறு கட்டச் சதுரம் இரண்டில், ஒன்றில் 35, மற்றதில் 40 கட்டங்களுக்கு நிறம் தீட்டட்டும். கணக்கில் முடிவு சொல்ல வேண்டியது நிரூபணம். வகுப்பின் ஒற்றுமையைக் காப்பாற்றுவதற்காக ஆசிரியர் தப்பை விட்டுவைத்தால் அது பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

வாய்ப்பாடு ஒப்பிப்பதே இல்லையே?

வாய்ப்பாடு அவசியம் தெரிய வேண்டும். நேரம் குறித்து ஓட விடுவதுதான் வேண்டாம். 7 × 8 வரவில்லையா? 7 × 4 = 28, அதன் இரட்டிப்பு 56. வரும் கணக்குச் சீட்டுகள் ஒரு கட்டு, வராதவை ஒரு கட்டு என்று பிரித்து, வராததில் நான்கை மட்டும் தினமும் ஐந்து நிமிடம் பார்க்கட்டும்.

52 − 27க்கு 35 என்கிறான் மகன். வீட்டில் 'கடன் வாங்கி'க் கழிக்கச் சொல்லித் தரலாமா?

தரலாம், ஆனால் காசு வைத்துத் தொடங்குங்கள். 2லிருந்து 7 போகாது என்பதால் 7லிருந்து 2ஐக் கழித்திருக்கிறான். 5 டைம் (பத்து சென்ட் காசு), 2 பென்னி (ஒரு சென்ட் காசு) கொடுத்து 27 சென்ட் கேளுங்கள். தலைகீழாகக் கழிக்க வழியே இல்லை. ஒரு டைமைச் சில்லறை மாற்றியாக வேண்டும். 4 டைம், 12 பென்னி. எடுத்தபின் 2 டைம், 5 பென்னி மிஞ்சும். 'கடன்' என்ற சொல்லைச் சில நாள் தள்ளி வைத்து 'சில்லறை மாற்று' என்றே சொல்லுங்கள். கடன் என்றால் திருப்பித் தர வேண்டுமே என்று பிள்ளை குழம்பும். உண்மையில் அங்கே யாரும் எதையும் கடன் வாங்கவில்லை, 52 அப்படியே 52ஆகத்தான் இருக்கிறது.