மூக்குக்கு எட்டிய வரை: 349 ரூபாய்க்கு லெமன் பாம் கிடைக்குமா?

கேள்வி: என் மாமியாருக்கு 82 வயது. மறதி நோய். சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று துணிப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார். லெமன் பாம் எண்ணெயின் வாசனை பதற்றத்தைத் தணிக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, இணையக் கடையில் 15 மில்லி புட்டியை 349 ரூபாய்க்கு வாங்கினேன். திறந்தால் தரை துடைக்கும் திரவத்தின் வாசனை அடிக்கிறது. இது அசல்தானா? அவருக்குத் தடவலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: அசல் இல்லை, அம்மா. புட்டியைப் பார்க்காமலேயே சொல்கிறேன். விலையே காட்டிக்கொடுத்துவிட்டது.

லெமன் பாம் என்பது துளசி, புதினா குடும்பத்துச் செடி. மெலிஸ்ஸா என்பதும் இதுவே. (பெயரிலுள்ள 'பாம்', நாம் தலைவலிக்கு நெற்றியில் தேய்க்கிற அதே பாம்தான்.) கசக்கினால் ஊரைக் கூட்டும் இலை, எண்ணெய் காய்ச்சி வடிக்கும் வாலையில் ஏற்றினால் கஞ்சத்தனம் காட்டும். ஒரு கிலோ எண்ணெய் வடிக்கப் பல டன் பச்சைத் தழை வேண்டும். எலுமிச்சைப் புல்லில் அதே ஒரு கிலோவுக்குச் சில நூறு கிலோ போதும். இரண்டுக்கும் எலுமிச்சை மணத்தைத் தருவது சிட்ரால் என்ற ஒரே பொருள். அப்புறம் வியாபாரி என்ன செய்வார் என்று நான் சொல்ல வேண்டுமா? அசல் எண்ணெய் 5 மில்லியே பல ஆயிரம் ரூபாய். உங்கள் புட்டியில் இருப்பது, ஒரு காலத்தில் 'கொச்சின் ஆயில்' என்று உலகமெல்லாம் கப்பலேறிய நம் எலுமிச்சைப் புல் எண்ணெயாகத்தான் இருக்கும். அதுவும் நல்ல எண்ணெய்தான். ஆள்மாறாட்டம் செய்ததுதான் குற்றம்.

27 வருடம் வாசனை எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் மூக்கை நம்பிப் பிழைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு கண்காட்சியில் லெமன் பாம் எண்ணெய் வாங்கி நானே ஏமாந்தேன். விற்றவர் பேச்சில் மயங்கி, முகர்ந்து பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து காகிதக் கீற்றில் ஒரு சொட்டு விட்டதும் கன்னத்தில் அறைந்தது போலச் சிட்ரால். பின்னாலேயே சிட்ரோனெல்லாவின் கொசுவிரட்டி நெடி. மறுநாள் காலையில் கீற்று வெறும் காகிதம். அசல் மெலிஸ்ஸா இப்படி அவசரப்படாது. எலுமிச்சைத் தோல், அதன் அடியில் ஈரத்தழை, கொஞ்சம் தேன் இனிப்பு என்று நிதானமாக விரியும். மறுநாளும் கீற்றில் மிளகையும் கிராம்பையும் நினைவூட்டும் காய்ந்த வாசனை லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். அது காரியோஃபிலீன். மிளகிலும் கிராம்பிலும் இருப்பதும் அதுவே. கிராம்பு எண்ணெயிலிருந்து அதைப் பிரித்துக் கலந்து மூக்கையும் ஏய்ப்பவர்கள் உண்டு. ஆகவே வாங்கும்போது 'மெலிஸ்ஸா அஃபிசினாலிஸ்' என்ற தாவரப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கான (batch) கேஸ் குரோமட்டோகிராபி அறிக்கையையும், அதாவது எண்ணெயில் என்னென்ன பொருள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் சோதனை அறிக்கையையும் கேளுங்கள். கேட்டதும் கடைக்காரர் பேச்சை மாற்றினால் நடையைக் கட்டுங்கள்.

இனி உங்கள் மாமியார். நீங்கள் படித்தது கட்டுக்கதை அல்ல. 2002இல் இங்கிலாந்தில் மறதி நோய் முற்றிய 72 பேரிடம் சோதித்தார்கள். மெலிஸ்ஸா எண்ணெய் கலந்த களிம்பை முகத்திலும் கைகளிலும் நாளுக்கு இரண்டு வேளை தடவினார்கள். பதற்றம் நன்றாகவே குறைந்தது. ஆனால் 2011இல் வெளியான இன்னொரு ஆய்வில், மெலிஸ்ஸா இல்லாத போலித் தைலம் தடவியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது! மறதி நோயில் பலருக்கு முகரும் சக்தி முதலிலேயே மங்கிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆறுதல் தந்தது எண்ணெயா, தடவிய கையா? கைதான் என்பது என் கட்சி.

ஆகவே செலவு வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு, அவர் பையைத் தேடும் முன்பே, பக்கத்தில் உட்கார்ந்து வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை தேய்த்துவிடுங்கள். வாசனை வேண்டுமென்றால் அவர் அறிந்த வாசனையாக இருக்கட்டும். நாலு முழம் மல்லிகை போதும். புட்டி எண்ணெயை அவர் தோலில் வைக்கவே வேண்டாம். முதியவர்களின் மெல்லிய தோலைச் சிட்ரால் சிவக்க வைத்துவிடும். அசல் எண்ணெயே கிடைத்தாலும் 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 4 சொட்டுக்கு மேல் கூடாது. பதற்றம் திடீரென்று அதிகமானால் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த 349 ரூபாயா? தரை துடைக்கும் வாளியில் ஆறு சொட்டு விடுங்கள். அதன் பிறவிப் பயன் அதுதான்.

கேள்வி: இந்தச் செடியை வீட்டில் வளர்க்க முடியுமா?
– வாசகர், குன்னூர்

பதில்: உங்கள் ஊர்க் குளிருக்குப் புதினா போலப் பரவும். தொட்டியிலேயே அடக்கி வையுங்கள். விதையை மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவுங்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும். பூக்கும் முன் பறித்த பச்சை இலையை வெந்நீரில் போட்டு மூடி வைத்தால், புட்டியில் கிடைக்காத வாசனை வீட்டில் நிறையும். இலை காய்ந்தால் மணம் பறந்துவிடும். சமவெளி வாசகர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம், கோடை வெயிலில் அது கருகிவிடும்.

கேள்வி: மெலிஸ்ஸா என்றால் கிரேக்க மொழியில் தேனீயாமே? ஏன்?
– மாணவி, மார்த்தாண்டம்

பதில்: ஆமாம். தேனீக்கள் கூட்டாளிகளைக் கூப்பிட வயிற்று நுனிச் சுரப்பியிலிருந்து விடும் வாசனையிலும் சிட்ரால் இருக்கிறது. அதனால்தான் பழைய காலத்தில் ஐரோப்பியத் தேனீ வளர்ப்பாளர்கள் காலிப் பெட்டிக்குள் இந்த இலையைத் தேய்த்து வைத்தார்கள். இப்போது பலரும் எலுமிச்சைப் புல் எண்ணெயையே தடவுகிறார்கள். தேனீக்கள் அதற்கும் வந்துவிடுகின்றன. அவை தொகுதி அறிக்கை கேட்பதில்லை.