மறுபடி மிஷினுக்கே போய்விடலாமா?

கேள்வி: பனியன் கம்பெனியில் 11 வருடம் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். பங்குனியில் என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் வாங்கியதைவிட மாதச் சம்பளம் குறைவு. சேர்ந்து சாப்பிட்ட அக்காக்கள், நான் பக்கத்தில் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். சத்தம் போட்டால்தான் வேலை நடக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது இன்றைக்கு என்ன செய்தேன் என்றே தெரியவில்லை. மறுபடி மிஷினில் உட்கார்ந்துவிடலாமா?
- பெயர் வேண்டாம், அவிநாசி

பதில்: மிஷினுக்குத் திரும்புவதில் கேவலம் ஒன்றும் இல்லை அம்மிணி. கை சுத்தமான ஓவர்லாக் டெய்லருக்குத் திருப்பூரில் வேலைக்கா பஞ்சம்? அதனால் அவசரப்படாமல் யோசிக்கலாம்.

டெய்லருக்கு இத்தனை டஜன் ஓட்டினோம் என்று கையில் ஒரு கணக்கு இருக்கும். சூப்பர்வைசருக்கு அது கிடையாது. பழைய கணக்கையே தேடினால் வெறுப்புதான் வரும். பழுது என்று செக்கிங்கிலிருந்து உங்கள் லைனுக்குச் சரிசெய்யத் திரும்பி வரும் ஆல்டர் பீஸை தினமும் எண்ணிக் குறித்து வையுங்கள். 3000 பீஸ் லாட் என்றால், ஏ.க்யூ.எல். 2.5 என்கிற தரக் கணக்கில் பையரின் (சரக்கு வாங்குகிறவரின்) ஆள் வழக்கமாக 125 பீஸை உருவிப் பார்ப்பார். 7 பீஸ் வரை பழுது இருந்தால் பாஸ். எட்டாவது வந்தால் மொத்த லாட்டும் திரும்ப செக்கிங்குக்குப் போகும். அந்த எட்டாவது பீஸை லைனிலேயே பிடித்து நிறுத்துவதுதான் இப்போது உங்கள் வேலை.

சத்தம் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் நான் முதலில் கேட்டு வாங்குவது உடைந்த ஊசி நோட்டுதான். உங்களுக்குத் தெரியாததில்லை: ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி, அந்த நோட்டில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றாலும் அங்கே கிடக்கும் பீஸ் அத்தனையும் தனியாகப் போக வேண்டும். குழந்தைகள் போடும் துணி, விளையாட்டில்லை. சரி, சூப்பர்வைசர் கத்துகிற லைனில் என்ன நடக்கும்? உடைந்த துண்டு டிபன் பைக்குள் போகும், வெளிக்கடையில் வாங்கிய ஊசி மிஷினில் ஏறும். நோட்டு மட்டும் பளிச்சென்று இருக்கும். மாதக் கணக்கில் ஊசியே உடையாத லைனைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆகவே, அடுத்த தடவை ஊசி உடைந்ததாகக் கேள்விப்பட்டால் “எப்படி உடைச்சீங்க?” என்று ஆரம்பிக்காதீர்கள். “துண்டு எல்லாம் கிடைச்சுதாக்கா?” என்று கேளுங்கள். அப்புறம் ஊசி சரியாக மாட்டியிருந்ததா, தையல் கூடும் இடம் தடிப்பா என்று கூட நின்று பாருங்கள். 11 வருடம் மிஷின் ஓட்டிய உங்களுக்கு இது கைவந்த கலை. டிகிரி முடித்து நேராகச் சூப்பர்வைசர் ஆன பிள்ளைகளுக்கு வராது. எந்தத் தப்பாக இருந்தாலும் லைன் முனையில் நின்று கூவாமல், பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மிஷினுக்கே போய்ச் சொல்லுங்கள்.

அக்காக்கள் பேச்சை நிறுத்துகிறார்களா? நிறுத்தட்டும். சூப்பர்வைசரைப் பற்றி டெய்லர்கள் பேசாமல் யாரைப் பற்றிப் பேசுவார்கள்? நீங்களும் பேசியவர்தானே! ஆனால் ஒரு இடத்தில் அத்தனை கண்ணும் உங்கள் மேல் இருக்கும். ஸ்டைல் மாறி ஆபரேஷன் பிரிக்கும்போது, கழுத்து ஏற்றும் வேலை யாருக்கு, சைடு அடிக்கிற சுலபமான வேலை யாருக்கு என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பழைய சிநேகிதிக்கே சைடு போய்க்கொண்டிருந்தால், நீங்கள் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் எடுபடாது. மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

சம்பள விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். நல்ல ஆர்டர் ஓடிய மாதத்தை மட்டும் வைத்து ஒப்பிடாமல், ஆர்டர் இல்லாத மாதங்களையும் சேர்த்துப் போன வருட வரவைக் கூட்டி 12-ஆல் வகுத்துப் பாருங்கள். பி.எஃப்., போனஸையும் சேருங்கள். அப்படியும் குறைந்தால் அந்தத் தாளோடும் ஆல்டர் நோட்டோடும் மேனேஜரிடம் போய்க் கேளுங்கள். தீபாவளி ஷிப்மென்ட் நெருக்கடியில் போகாதீர்கள், காதிலேயே விழாது. போனஸ் பட்டுவாடாவுக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். தை வரைக்கும் ஏற்றித் தரவில்லை என்றால் தாராளமாக மிஷினுக்குப் போங்கள், நம்ம கம்பெனியோ பக்கத்துக் கம்பெனியோ.