பார்பிக்யூ அடுப்பைத் தவணையில் வாங்கினால் செலவு குறையுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறோம். நான் தனியார் பாடசாலை ஆசிரியை, கணவர் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகள். இரண்டு சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது 310,000 ரூபாய். வாடகை 85,000, வீட்டுச் சாமான்கள் 75,000, பாடசாலை, வான், டியூஷன் எல்லாம் சேர்த்து 48,000, மின்சாரம், தண்ணீர், இன்டர்நெட் 22,000, போக்குவரத்து 20,000, யாழ்ப்பாணத்தில் அம்மா அப்பாவுக்கு 20,000.

எங்கள் பலவீனம் தணலில் வாட்டிய இறைச்சி. உண்மையைச் சொன்னால் என்னுடைய பலவீனம். கொரிய உணவகம், ஸ்டேக், ஹோட்டல் பார்பிக்யூ பஃபே என்று மாதம் நாலு தடவை போகிறோம். ஒரு தடவைக்கு 16,000 வரை வருகிறது. கடனட்டையில்தான் கட்டுகிறோம். ஒரு வருடத்துக்குள் பாக்கி 265,000 ஆகிவிட்டது. வட்டி 26 சதவீதம், மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறோம். கணவர் ஒரு மாதம் வெளியே சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார். அந்த மாதம் வீட்டுக்கு வரவழைத்த சாப்பாட்டுக்கே 38,000 போனது!

இப்போது 165,000 ரூபாய் கேஸ் கிறில் ஒன்றை 24 மாத வட்டியில்லாத் தவணையில் வாங்கலாம் என்கிறேன். போன மாதம் தெகிவளையில் அக்கா வீட்டு முற்றத்தில் சுட்டுச் சாப்பிட்டோம். எங்கள் நாலு பேருக்கும் 6,500தான் முடிந்தது. என் பெயரில் 200,000 ரூபாய் நிலையான வைப்பு இருக்கிறது, 8 சதவீதம், இரண்டு மாதத்தில் முதிர்கிறது. அதை அவசரத்துக்கென்று வைத்திருக்கிறேன். அடுப்பை வாங்கலாமா?

— வாசகி, கொழும்பு 6

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன் உங்கள் கணக்கைக் கூட்டிப் பார்ப்போம்.

வழக்கமான செலவுகள் எல்லாம் சேர்த்து 270,000. கையில் மிஞ்சுவது 40,000. நாலு கிறில் இரவுகளுக்கு 64,000. ஆக மாதம் 24,000 ரூபாய் துண்டு விழுகிறது. அந்த 24,000ஐப் பத்து மாதம், 26 சதவீத வட்டியோடு அடுக்கிப் பார்த்தேன். கிட்டத்தட்ட 265,000 வந்தது. அப்படியென்றால் உங்கள் கடனில் ஆஸ்பத்திரிச் செலவு இல்லை, நகைநட்டு இல்லை, வேறு ஒளிவுமறைவும் இல்லை. முழுக்க முழுக்க இறைச்சிதான். என்னிடம் வருகிறவர்களில் பலருக்குக் காசு எங்கே போகிறது என்றே தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அது பாதி வேலை முடிந்த மாதிரி.

265,000க்கு 26 சதவீதம் என்றால் மாதம் 5,700 ரூபாய் வட்டி. மூன்று மாத வட்டியில் நீங்கள் நாலு பேரும் ஒரு முறை வயிறாரச் சாப்பிடலாம். இப்போது அதை வங்கி சாப்பிடுகிறது.

கடனட்டையில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. போன மாதப் பாக்கியை முழுதாகக் கட்டினால்தான் ஐம்பது நாள் அளவுக்கு வட்டியில்லாத காலம் கிடைக்கும். பாக்கி நிற்கிறதென்றால் அந்தச் சலுகை போய்விடும். நீங்கள் சனிக்கிழமை சாப்பிட்ட சாப்பாட்டுக்கு அந்தத் திகதியிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். குறைந்தபட்சத் தொகையைக் கட்டுவதால் தாமதக் கட்டணம் மட்டும்தான் தப்புகிறது, வட்டி நிற்பதில்லை.

வார இறுதிகளில் உணவக பில்லைக் கடனட்டையில் கட்டுபவர்களுக்கு வங்கிகள் கொடுக்கும் 20, 25 சதவீத விலைக்கழிவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மெனுவில் 12,300 ரூபாய் என்றிருக்கும் சாப்பாட்டுக்கு 20 சதவீதம் என்றால் 2,460 ரூபாய் மிச்சம், நல்ல தொகைதான். ஆனால் சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்த 16,000 ரூபாய் பில்லில் மீதியாக வரும் 13,500 ரூபாய் கட்டப்படாமல் நின்றால் மாதம் 290 ரூபாய் வட்டி. ஒன்பது மாதத்தில் கழிவாகக் கிடைத்தது முழுவதும் திரும்பிப் போய்விடும். பாக்கியே இல்லாதவர்களுக்குத்தான் அந்தக் கழிவு உண்மையான கழிவு.

12,300 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. உங்கள் 16,000 ரூபாய் பில்லைப் பின்னோக்கிப் பிரித்தால் மெனுவில் இருந்த விலை அதுதான். அதற்கு மேல் 10 சதவீத சேவைக் கட்டணம் போட்டால் 13,530. சேவைக் கட்டணத்தையும் சேர்த்து அதன் மேல் 18 சதவீத வற் வரி ஏறும்போது 15,965. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அதன் அர்த்தம் இதுதான். ஆயிரம் ரூபாய் என்று கண்ணுக்குத் தெரிவது மேசையில் 1,298. வற் 2024 ஜனவரியில் 15இலிருந்து 18 ஆனது, ஆனால் நம் மனம் இன்னும் மெனு விலையைத்தான் கூட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஜூஸ் கேட்கும்போதும் இதே கணக்குத்தான். வற் பதிவு இல்லாத சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் அந்த 18 இல்லை, பல இடங்களில் சேவைக் கட்டணமும் இல்லை. ஒரே கோழிக்கு இரண்டு இடங்களில் அவ்வளவு விலை வித்தியாசம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அடுப்புக்கு வருவோம்.

உங்கள் வாதம் கணக்கில் பிழையில்லை. வெளியே 16,000, வீட்டில் 6,500, ஒவ்வொரு தடவையும் 9,500 மிச்சம். 165,000ஐ 9,500ஆல் வகுத்தால் 18 இரவுகளில் அடுப்பு தன் விலையை மீட்டுவிடும். மாதம் இரண்டு என்றால் ஒன்பது மாதம். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் வீட்டில் சுடும் ஒவ்வொரு இரவும் வெளியே போகும் ஓர் இரவுக்குப் பதிலாக வந்தால்தான் இந்தக் கணக்குப் பலிக்கும். புது அடுப்பு வந்த வீட்டில் அப்படி நடப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. முதல் கிழமை கணவரின் சிநேகிதர்கள், அடுத்த கிழமை மச்சான் குடும்பம், அதற்கடுத்து பிள்ளையின் பிறந்தநாள். நம் ஆட்கள் நாலு பேருக்கு மட்டும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். பத்துப் பேர் வந்தால் 6,500 எப்படி 16,000 ஆகிறது என்று சொல்லத் தேவையில்லை, குடிவகை வேறு. இதற்கு நடுவில் கொரிய உணவக ஆசையும் அப்படியே இருக்கும், ஏனென்றால் அது வேறு சாப்பாடு.

'வட்டியில்லாத் தவணை' என்பதையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். அநேகமாக அதற்கொரு கையாளல் கட்டணம் இருக்கும். முழு 165,000உம் உங்கள் அட்டையின் வரம்பில் கழிந்துவிடும். மாதம் 6,875 ரூபாய் நீங்கள் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையோடு வந்து சேரும். ஏற்கெனவே துண்டு விழும் வீட்டில் அந்த 6,875ஐ எதிலிருந்து எடுப்பீர்கள்? அட்டையிலிருந்துதான். அப்போது அது 26 சதவீதத் தவணை ஆகிவிடும். அப்புறம், தொடர்மாடி பல்கனியில் அடுப்பு மூட்டக் கட்டட நிர்வாகம் விடுமா என்று கேட்டீர்களா? காசு கட்டிய பிறகு கேட்கிற கேள்வி இல்லை அது. மேல்வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் உங்கள் புகைக்கு வரும் முறைப்பாட்டையும் எண்ணிப் பாருங்கள்.

உங்களிடம் ஏற்கெனவே ஓர் அடுப்பு இருக்கிறது. தெகிவளையில், அக்கா வீட்டு முற்றத்தில். மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே போங்கள். இறைச்சி உங்களுடையது, பாணும் சலாதும் அக்காவுடையது என்று பிரித்துக்கொண்டால் இரண்டு குடும்பத்துக்கும் கட்டும். போயா நாளில் இறைச்சிக் கடை மூடியிருக்கும் என்பதால் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கரிக்குச் சிரட்டைக் கரியைப் பாருங்கள். தேங்காய்ச் சிரட்டையில் செய்த இந்தக் கரியை நம் நாடு உலகெங்கும் ஏற்றுமதி செய்கிறது. புகை குறைவு, சூடு அதிகம், நீண்ட நேரம் நிற்கும். பொதியில் வரும் வெளிநாட்டுக் கரிக்குக் கூடுதல் காசு கொடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

எதை வீட்டில் சுடுவது, எதற்கு வெளியே போவது என்பதில்தான் உண்மையான மிச்சம் இருக்கிறது. கோழிக்காக உணவகத்துக்குப் போகாதீர்கள். தோலோடு கோழிக்கால், தயிர், இஞ்சி உள்ளி, மிளகு, தேசிப்புளி, கொஞ்சம் யாழ்ப்பாணத் தூள் போட்டு முதல் நாள் இரவே ஊறவைத்தால் தணலில் அதைவிட நன்றாக எந்த ஹோட்டலும் தரப்போவதில்லை. மீனும் அப்படித்தான், வாழையிலையில் சுற்றிப் போட்டால் போதும். உள்ளூர் மாட்டிறைச்சியைத் தடித்த ஸ்டேக்காக வெட்டிச் சுடப் போனால் ஏமாற்றம்தான். கொழுப்புக் குறைவு, நார் அதிகம். அதையே பாதி உறைந்த நிலையில் நாருக்குக் குறுக்காக மெல்லியதாக வெட்டி, சோயா சோஸ், உள்ளி, நல்லெண்ணெயில் ஊறவைத்துப் பாருங்கள். கொரியர்கள் புல்கோகி என்ற தங்கள் வாட்டிய இறைச்சிக்கு, அதை மெதுவாக்கப் பேரிக்காய் அரைத்துச் சேர்ப்பார்கள். நமக்கு ஒரு துண்டு பப்பாசிக்காய் போதும், அரை மணி நேரத்துக்கு மேல் வைத்தால் இறைச்சி கூழாகிவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

வெளியே போக வேண்டியது வீட்டில் முடியாததற்கு. மேசை நடுவே அடுப்பு, மேலே புகை இழுக்கும் குழாய், கேட்கக் கேட்க நிரப்பும் சின்னச் சின்னக் கறிகள் எல்லாம் சேர்ந்ததுதான் கொரியச் சாப்பாடு, அதை முற்றத்தில் கொண்டுவர முடியாது. இறக்குமதி ஸ்டேக்கும் அப்படி. 2022இல் டொலர் 200இலிருந்து 360க்குப் போனதும் அதன் விலை எங்கேயோ போய்விட்டது, ஆனாலும் வருடத்தில் ஒன்றிரண்டு நாளுக்கு அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பஃபே உங்கள் குடும்பத்துக்குச் சரிவராது என்பது என் அபிப்பிராயம். சின்னப் பிள்ளைகள் ஐஸ்கிரீமோடு நிறுத்திவிடுவார்கள், காசு தலைக்கணக்கில் போகும்.

உங்கள் கணவரின் முழுத் தடை பலிக்கவில்லை என்பதற்கு அந்த 38,000 ரூபாய் டெலிவரியே சாட்சி. பெட்டிக்குள் வேர்த்துப்போய் வரும் கிறில் இறைச்சிக்கு 38,000! ஆகவே தடை வேண்டாம், அளவு வைப்போம். மாதம் ஒரு தடவை உணவகம், 16,000. ஒரு தடவை அக்கா வீடு, 6,500. மொத்தம் 22,500. உங்கள் 40,000இல் மீதி 17,500 முழுக்கக் கடனட்டைக்கு. அட்டையை அலுமாரியில் பூட்டிவிட்டு உணவகத்தில் டெபிட் கார்டில் கட்டுங்கள். இப்படியே போனால் கடன் தீர 19 மாதம்.

19 மாதம் என்பது நீண்ட காலம். அதைக் குறைப்பது உங்கள் நிலையான வைப்புத்தான். 200,000க்கு 8 சதவீதம் என்றால் வருடம் 16,000, 2025 ஏப்ரலிலிருந்து பிடிக்கும் 10 சதவீத வரி போக 14,400. அதே 200,000க்குக் கடனட்டையில் நீங்கள் கொடுப்பது வருடம் 52,000. அவசரத்துக்கென்று வைத்த காசுக்காக வருடம் 37,600 ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். முதிர்ந்ததும் அதை அப்படியே அட்டைக்குப் போடுங்கள். முதல் இரண்டு மாதம் 17,500 வீதம் கட்டியிருந்தால் அப்போது பாக்கி ஏறத்தாழ 241,000 இருக்கும், வைப்பைப் போட்டதும் 41,000க்கு இறங்கும், அடுத்த மூன்று மாதத்தில் முடிந்துவிடும். மொத்தம் ஐந்து மாதம். இடையில் உண்மையாகவே ஓர் அவசரம் வந்தால் அட்டையில் வரம்பு காலியாக இருக்கும், அதற்கு மட்டும் எடுக்கலாம்.

ஆறாவது மாதத்திலிருந்து அந்த 17,500 உங்கள் கைக்கு வரும். அதில் 12,500ஐப் புதிய வைப்புக்குத் திருப்புங்கள், பதினாறு மாதத்தில் 200,000 திரும்ப வந்துவிடும். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் வட்டியில் அந்த 10 சதவீதத்தைப் பிடிக்க மாட்டார்கள். உங்கள் ஆசிரியர் சம்பளம் அந்த எல்லைக்குள் வரும் என்று தோன்றுகிறது, கேட்டுப் பாருங்கள். மீதி 5,000ஐ மாதாமாதம் ஒதுக்கி வைத்தால் அடுப்பைப் பிறகு கைக்காசில் வாங்கலாம். அப்போதும் 165,000க்கு வேண்டாம், கரி போடும் சின்ன இரும்பு அடுப்பே நாலு பேருக்குத் தாராளம்.

கடைசியாக ஒரு காரியம், இதைத் தள்ளிப்போட வேண்டாம். நிலையான வைப்புத் திறக்கும்போது பலர் தானாகவே புதுப்பிக்கும்படி கையெழுத்துப் போட்டிருப்பார்கள். உங்களுடையதும் அப்படியென்றால் முதிர்வு நாளன்று இன்னொரு வருடத்துக்குப் பூட்டிக்கொள்ளும். பிறகு எடுத்தால் வட்டியில் வெட்டு விழும். இந்தக் கிழமையே அடையாள அட்டையோடு கிளைக்குப் போய், முதிரும் தொகையை உங்கள் சேமிப்புக் கணக்கில் போடும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.