சைனஸ் கிருமியை ஆராயப் போகிறேன் என்கிற மகளுக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள அம்மா,

நீட் மதிப்பெண் கைகொடுக்காத மகள், இன்னொரு வருடம் எழுத மாட்டேன், மைக்ரோபயாலஜி படிக்கிறேன் என்று அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். “தன் சைனஸ் ஏன் தீரவில்லை என்று தானே கண்டுபிடிக்கப் போகிறாளாம், இதற்கெல்லாம் ஒரு படிப்பா?” என்ற வரியில் கோபமும் கவலையும் சேர்ந்தே தெரிகின்றன. படிப்பு இருக்கிறது. அவள் கேட்கும் கேள்வியும் நல்ல கேள்விதான். கேள்வி பிடித்திருப்பது வேறு, அதற்கான வேலை பிடித்திருப்பது வேறு; அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மகளின் சளியிலிருந்து கிருமியை வளர்த்துச் சோதித்த கல்ச்சர் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு கிருமியின் பெயர், கீழே மருந்துகளின் பட்டியல், எதிரே எஸ் அல்லது ஆர். எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும். ஆர் என்றால் அடங்காது. எஸ் போட்ட மருந்தைச் சாப்பிட்டும் மூக்கடைப்பு திரும்பி வந்துவிட்டது என்கிறீர்கள். லேபில், சளியிலிருந்து வளர்ந்தவற்றில் சந்தேகத்துக்குரிய ஒன்றைத் தனியே பிரித்து, அதை மட்டும் அகார் என்ற ஊட்டக்கூழ் நிரப்பிய தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த வில்லைகளை வைத்து அளக்கிறார்கள். சைனஸ் அறைக்குள் அந்தக் கிருமி தனியாக இருப்பதில்லை. பயோஃபிலிம் எனப்படும் பிசுபிசுப்பான படலத்துக்குள் பல இனங்களோடு ஒட்டிக்கிடக்கிறது. ஆக்சிஜன் பட்டால் வளராத இனங்கள் வழக்கமான கல்ச்சரில் முளைப்பதே இல்லை. அதனால் ரிப்போர்ட்டில் ஒற்றைப் பெயர் நிற்கிறது.

அந்தக் கூட்டத்துக்குள் நடப்பதுதான் சுவாரசியம். நாட்பட்ட சைனஸ் தொற்றில் அடிக்கடி தென்படும் இரண்டு பேர், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவும். இரண்டும் எதிரிகள். சூடோமோனாஸ் வெளிவிடும் ஒரு வேதிப்பொருள் ஸ்டஃபைலோகாக்கஸின் சுவாசத்தை முடக்குகிறது. ஸ்டஃபைலோகாக்கஸோ சாகாமல், மெல்ல வளரும் வடிவத்துக்கு மாறிக்கொள்கிறது. தட்டில் பார்த்தால் பொன்னிறத்தில் தெரிய வேண்டிய பொட்டுகள் குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கி, நிறம் வெளிறிக் கிடக்கும். டோப்ரமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் செல்லுக்குள் புக வேண்டுமானால் அந்தச் சுவாசம் நடந்தாக வேண்டும். ஆக, எதிரி அடித்த அடியே மருந்திலிருந்து காப்பாற்றிவிடுகிறது. இது 2006இல் வெளிவந்த கண்டுபிடிப்பு. தனியாகச் சோதித்தபோது எஸ் வாங்கிய கிருமி, கூட்டத்துக்குள் தப்பிப் பிழைப்பதற்கு இது ஒரு வழி.

கூட்டாளிகளும் உண்டு. சளியின் முக்கியப் பொருளான மியூசினை உடைத்துத் தின்பதில் சூடோமோனாஸ் கெட்டிக்காரன் அல்ல. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்துப் போட, அந்த மிச்சத்தில் இது கொழுக்கிறது. சுவாசப்பாதைச் சளியில் நடக்கும் இந்தப் பங்கீட்டை மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். அதே ஆண்டு ஜெர்மனியின் டூபிங்கன் ஆய்வாளர்கள், மூக்கில் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் லக்டுனென்சிஸ் என்ற பாக்டீரியா தானே ஓர் ஆன்டிபயாடிக் தயாரித்து ஆரியஸை விரட்டுவதைக் கண்டார்கள். அந்த மருந்துக்கு லக்டுனின் என்று பெயர். கலிபோர்னியாவில் 2012இல் நடந்த ஆய்வொன்றில், கிம்ச்சி என்ற புளித்த கொரிய உணவில் காணப்படும் லாக்டோபேசில்லஸ் சகேய் என்ற பாக்டீரியா எலிகளைச் சைனஸ் அழற்சியிலிருந்து காத்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மூக்கில் மோர் விடக் கிளம்ப வேண்டாம். எலியில் நடந்தது எலியோடு நிற்கட்டும்.

இன்னொன்று: 12 வாரத்துக்கு மேல் நீடிக்கும் சைனஸ் தொல்லைக்குப் பாக்டீரியா மட்டுமே காரணமாக இருப்பதில்லை. ஒவ்வாமை, பாலிப் எனப்படும் மூக்குச்சதை வளர்ச்சி, மேல்வரிசைப் பல்லின் வேரில் சீழ் என்று பல இருக்கலாம். மகளின் மூக்கை இ.என்.டி. டாக்டரிடம் விட்டுவிடுங்கள். படிப்புக்கு வருவோம்.

நோயாளியைப் பார்க்க வேண்டும், எண்டோஸ்கோப் பிடிக்க வேண்டும் என்பது ஆசையானால் எம்.பி.பி.எஸ்., பிறகு எம்.எஸ். இ.என்.டி. போன்ற மேற்படிப்பு என்பதைத் தவிர வழியில்லை. நீட்டை மறுபடி எழுதத்தான் வேண்டும். இந்தப் பாக்டீரியாக்கள் தங்களுக்குள் என்ன செய்துகொள்கின்றன என்பதுதான் ஆசையானால் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி போதுமான தொடக்கம். ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு எழுதினால் திருப்பதி, திருவனந்தபுரம் போன்ற இடங்களில் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். கிடைக்கலாம்.

ஒளிக்காமல் சொல்கிறேன், பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் மருந்துக் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு, உணவுப் பரிசோதனைக்கூடம், டயக்னாஸ்டிக் லேப் என்றுதான் வேலை அமையும். தொடக்கச் சம்பளம் உங்களுக்கு மகிழ்ச்சி தராது. ஆராய்ச்சி என்றால் எம்.எஸ்சி., அதற்கு ஜாம் அல்லது ஜி.ஏ.டி.-பி என்ற நுழைவுத் தேர்வு, பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பிஎச்.டி. செய்யலாம். எல்லாம் சரியாக அமைந்தாலும் பத்து வருடத்துக்குக் குறையாது. “எப்போது செட்டில் ஆவாள்?” என்று கேட்கும் உறவினர்களுக்கு இப்போதே பதில் தயார் செய்துகொள்ளுங்கள்.

அந்தப் பத்து வருடத்தில் பெரும்பகுதி தட்டில் அகார் ஊற்றுவது, அதன்மேல் கிருமியைக் கோடாக இழுப்பது, மறுநாள் வளர்ந்த பொட்டுகளை எண்ணுவது, தவறினால் மறுபடி ஊற்றுவது. மீதி நேரம் கணினி முன்னால். ஒரு துளி சளியில் எத்தனை இனங்கள் என்று இப்போது டி.என்.ஏ. வரிசையைப் படித்துத்தான் கணக்கிடுகிறார்கள். புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி மொழியும் தெரியாமல் இந்தத் துறைக்குள் நுழைந்தால் அடுத்தவர் தயவில் நிற்க வேண்டும். முதலாண்டிலேயே தொடங்கட்டும். தன் சைனஸ் குணமானால் இந்த ஆசையும் போய்விடுமா என்பதையும் அவளிடம் கேளுங்கள். போய்விடும் என்று அவளுக்கே தோன்றினால் வேறு படிப்பைப் பேசலாம்.

விண்ணப்பிக்கும் முன் கல்லூரிக்கு அவளையும் அழைத்துப் போய் லேபைக் காட்டச் சொல்லுங்கள். ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியா வளர்க்கும் ஜாடி இருக்கிறதா, அதில் தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாமாண்டு மாணவி ஒருத்தியிடம், இந்த மாதம் நீயே கோடிழுத்த தட்டுகள் எத்தனை என்று அவள் கேட்கட்டும். “சார் செய்து காட்டுவார், நாங்கள் பார்ப்போம்” என்று பதில் வந்தால் அடுத்த கல்லூரிக்கு பஸ் ஏறுங்கள்.