பர்மாவின் லெத்வே வீரர்கள் உண்மையிலேயே உறுதியானவர்களா, இல்லை அது வெறும் முரட்டுத்தனமா?

கையுறை இல்லாமல் மோதும் பர்மியச் சண்டைக்கலையான லெத்வேயின் இரண்டு நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்து, ரத்தத்தைக் கண்டு முகம் சுளித்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குறை சொல்லவில்லை. 2018 ஜனவரி வரை நானும் அதை முரட்டுத்தனம் என்றுதான் சொல்லித் திரிந்தேன்.

பர்மாவிலிருந்து இந்தியர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறிய 1964க்குப் பிறகும், அம்மாவின் சொந்தங்களில் சிலர் ஊர் திரும்பாமல் அங்குள்ள மோல்மீன் நகரிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களைப் பார்க்கப் போயிருந்தபோது, முடோன் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பகோடா திருவிழாவுக்கு மாமா அழைத்துப் போனார். மணல் பரப்பிய களம். ஓரத்தில் மத்தளமும், நம் நாகஸ்வரத்துக்குத் தம்பி போன்ற ஓர் ஊதுகருவியும். அடி விழ விழ வாசிப்பும் வேகமெடுக்கும். நம் மல்லர்கள் தொடை தட்டுவதுபோல, அங்கே இடக்கையை மடக்கி, அந்த மடிப்புக்குள் வலது உள்ளங்கையால் அறைந்து எதிராளியை அழைக்கிறார்கள்.

கையுறை கிடையாது, துணியும் ஒட்டு நாடாவும் மட்டும். முஷ்டி, முழங்கை, முழங்கால், பாதம், இவற்றோடு தலையாலும் முட்டலாம். ஆனால் என்னை உலுக்கியது தலைமுட்டு அல்ல, கணக்கு. பழைய முறையில் புள்ளியே கிடையாது. மூன்று நிமிடச் சுற்று ஐந்து. ஒருவர் விழ வேண்டும். இருவரும் நின்றிருந்தால் சமன். இரண்டு சுற்றில் முன்னேறிவிட்டு மீதி நேரத்தை ஓடி ஓட்டும் சாமர்த்தியம் இங்கே செல்லாது. தவிர, வெறுங்கையால் நெற்றியில் குத்தினால் உடைவது குத்தியவன் விரல். அடிப்பதற்கும் ஒரு விலை உண்டு.

இந்த விதிகளைச் சீர்படுத்தியவர் ச்சா பா நியெய்ன், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை ஆடியவர். கையுறை விளையாட்டை அறியாத காட்டுவாசி அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

அன்று நான் பார்த்த பையனுக்கு இருபது வயது இருக்கலாம். இரவில் ரப்பர் பால் எடுக்கும் வேலை என்றார் மாமா. மூன்றாவது சுற்றில் எதிராளியின் தலை புருவத்தில் மோத, அப்படியே சரிந்தான். கதை முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன். மாமா சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். விழுந்தவனுக்கு ஒரே ஒரு முறை இரண்டு நிமிட அவகாசம் உண்டாம், கடைசிச் சுற்றில் மட்டும் கிடையாதாம். தண்ணீர் ஊற்றினார்கள், காதைப் பிடித்துத் தேய்த்தார்கள். எழுந்து வந்தான். ஐந்தாவது சுற்று முடிந்தபோதும் நின்றுகொண்டிருந்தான். சமன்.

மூளைக்கு இது நல்லது என்று நான் சொல்லவில்லை. மருத்துவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். தாய்லாந்துக் குத்துச்சண்டையான முவே தாயின் ரசிகர்களும் பொறுத்தருளவும், அது எளிது என்று எங்கும் எழுதவில்லை. வெளிநாட்டவருக்கு இது வராது என்பதும் என் கட்சி அல்ல. 2016 டிசம்பரில் யங்கோனில் கனடாவின் டேவ் லெடுக், பர்மாவின் துன் துன் மின்னை வென்று பட்டம் வாங்கினாரே.

சண்டை முடிந்ததும், வலிக்கவில்லையா என்று அவனிடம் கேட்கச் சொல்லி மாமாவை நச்சரித்தேன். அதை விட்டுவிட்டு, இவருக்கு என்ன வேலை என்று அவன் கேட்டான். கணக்கர் என்றார் மாமா. உடனே கூட்டம் கொடுத்திருந்த பணக்கட்டை என்னிடம் நீட்டினான். விரல்கள் வீங்கி, நோட்டைப் பிரிக்க முடியவில்லை அவனுக்கு. வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்த நோட்டுகளை நான் மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் வேறு வேறு தொகை வந்தது. சிரித்தான்.

இதையெல்லாம் சென்னை திரும்பி அலுவலகத்தில் சொன்னால், ஒருவர் கேட்கிறார்: "பர்மாவா? அத்தோ சாப்பிட்டீர்களா?" நம் ஊரில் விற்கும் அந்த ஆரஞ்சு நிற நூடுல்ஸை என் ஆச்சி முன்னால் வைத்திருந்தால் தட்டைத் தள்ளியிருப்பார். பர்மாக்காரர்கள் கையால் பிசைந்து கலக்கும் எதற்கும் அந்தப் பெயர்தான்; இஞ்சியில் உண்டு, தேயிலையில்கூட உண்டு. அதைப் பற்றி யாராவது தனிக் கேள்வி கேளுங்கள், இதைவிட நீளமாகவே எழுதுகிறேன்.